சிவப்பு இல்லாத கூழ்

என் தங்கையின் நகக்கண்களில் எப்போதும் சாம்பல் நிறத்தில் ஏதாவது ஒட்டியிருக்கும். சாப்பிட உட்காரும்போது அம்மா அதைப் பார்த்து முகம் சுளிப்பாள். தங்கை எழுந்துபோய்க் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவாள். திரும்பி வந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது காகிதக் கூழ்.

ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவில் இருக்கிற உயர்நிலைப் பள்ளியில் அவள் கைவேலை ஆசிரியை. மற்றவர்கள் சாக்பீஸ் டப்பாவோடு வகுப்புக்குப் போவார்கள். இவள் இரண்டு கையிலும் பக்கெட்டோடு போவாள். அதனால் பிள்ளைகள் அவளுக்கு பக்கெட் டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது உனக்குத் தெரியுமா என்று ஒருநாள் கேட்டேன். "பக்கெட்டோட நிறுத்தாம கூடவே டீச்சர்னும் சொல்றாங்கல்லக்கா" என்றாள்.

வேலை தற்காலிகமானதுதான். ஆண்டுதோறும் அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு தலைமையாசிரியை, கைவேலை வகுப்பு தேவை என்று மேலே எழுதி அனுப்பினால் மறு ஆண்டும் உண்டு. எழுதாவிட்டால் இல்லை. இது அவளுக்கும் தெரியும், பள்ளிக்கூடத்துக்கே தெரியும்.

நான் தையல்காரி. பள்ளிக்குத் திரும்பும் பாதையின் முனையில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் என் கடை. எட்டாவதோடு நின்றுவிட்டேன். அப்பா லாரி ஓட்டினார், வீட்டில் இருந்த நாட்களைவிட இல்லாத நாட்களே அதிகம். தங்கை என் மிஷினுக்கு அடியில், வெட்டுத்துணிகளுக்கு நடுவில் வளர்ந்தவள். எந்தத் துணி சாயம் போகும், எது போகாது என்று எழுதப் படிக்கும் முன்பே சொல்வாள்.

படிப்பில் அவளுக்குக் கணக்கு மட்டும் வரவே இல்லை. அந்தக் காலத்தில் கணக்கு நடத்தியவர் விடைத்தாள் கொடுக்கும்போது மதிப்பெண்ணை வாசித்துத்தான் கொடுப்பார். அதுவும் கீழேயிருந்து மேலே. முதலில் வருவது இவள் பெயர். அவள் எழுந்து போய் வாங்கிக்கொண்டு இடத்துக்குத் திரும்பும்வரை வகுப்பு சிரிக்கும். வீட்டுக்கு வந்ததும் விடைத்தாளை மடித்து, மடித்து, விரல் பருமனுக்கு ஆக்கி, என் மிஷின் டிராயரில் நூல் பாபின்களோடு போட்டுவிடுவாள். நான் அவற்றைப் பிரித்துப் பார்த்ததில்லை. கடைசிப் பரீட்சையில் தட்டுத்தடுமாறித் தேறினாள். பிறகு ஓவியமும் கைவேலையும் பயிற்சி எடுத்து, பல வருஷம் காத்திருந்து, இந்தப் பள்ளிக்கு வந்தாள்.

வந்த முதல் வாரத்தில் படம் வரையத் தாள் கேட்டிருக்கிறாள். தலைமையாசிரியை அவளை ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். பழைய விடைத்தாள் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு எடைக்குப் போடுவது வழக்கம். "இதுதாம்மா நம்மகிட்ட இருக்கிற தாளு. இடது பக்கம் பழசு, அத எடுத்துக்குங்க. வலது பக்கத்தத் தொடக்கூடாது" என்றார்.

இப்படித்தான் கூழ் ஆரம்பித்தது. விடைத்தாள்களைக் கிழித்து ஊறவைத்து, யாரோ தந்த பழைய மிக்ஸியில் அரைத்து, அகலமான தொட்டியில் கரைப்பார்கள். மரச்சட்டத்தில் கொசுவலையை இழுத்துக் கட்டி, அதைத் தொட்டியில் முக்கி எடுத்தால் வலைமேல் மெல்லிய படலம் நிற்கும். தண்ணீர் வடிந்ததும் துணியின்மேல் கவிழ்த்து, பலகை வைத்து அழுத்தி, கொடியில் காயப்போட வேண்டும். காய்ந்தால் தாள். சட்டங்களுக்கு வலை தைத்துக் கொடுத்தது நான்தான். ஓரத்தை இரண்டாக மடித்துத் தைக்காவிட்டால் பிள்ளைகள் கைக்கு அது ஒரு வாரம்கூடத் தாங்காது.

அந்தத் தாளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்காகப் படக்கதைப் புத்தகங்கள் செய்தார்கள். கதை அவர்களுடையது, படமும் அவர்களுடையது. தைத்துக் கட்டுவதும் அவர்களே. தாள் வெள்ளையாக வராது. பேனா மை முழுக்கக் கரையாமல் பொடிப்பொடியாக நிற்கும். நீலப்பொடி மாணவர்கள் எழுதியது. சிவப்புப்பொடி ஆசிரியர்கள் திருத்தியது. சிவப்புக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மிளகாய்ப்பொடி.

கிழிப்பதற்கு என் தங்கை இரண்டு விதிகள் வைத்திருந்தாள். ஒன்று, விடைத்தாளைக் கவிழ்த்துப் போட்டுத்தான் கிழிக்க வேண்டும். பெயரும் மதிப்பெண்ணும் முன்பக்கத்தில் இருப்பதால், அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கக் கூடாது. அந்தத் தாள்களை எழுதியவர்கள் இவர்களுடைய அண்ணன்களும் அக்காக்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். எவனோ கணக்கில் ஒற்றை இலக்கம் வாங்கியது இத்தனை வருஷம் கழித்து ஊர் வாயில் விழுவதில் அவளுக்கு இஷ்டமில்லை. இரண்டாவது விதி, கிழிக்கும்போது யாராவது ஒருவர் கதை சொல்ல வேண்டும். காது கதையில் இருந்தால் கண் தாளில் மேயாது என்பது அவள் கணக்கு. விடைத்தாளைக் கட்டிய நூலின் முடிச்சு மிக்ஸியில் சிக்கும் என்பதால், முதலில் மேல்முனையை நூலோடு சேர்த்து வெட்டி ஒரு சாக்கில் போட்டுவிடுவார்கள். அந்த முனையில்தான் பள்ளி முத்திரையும் ஆண்டும் இருக்கும்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்த சமயம் மழை பிடித்தது. ஆசிரியர் அறைக் கூரை ஒழுகியது. கணக்கு சார், பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டைத் திருத்த ஆரம்பிக்கும் முன்பே, அவருடைய அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. கட்டை மேசையில் விட்டால் நனையும் என்று ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோனார். வலது பக்கத்திலும் ஈரம். காய்ந்த இடம் இடது பக்கம்தான். அங்கே மேலாக வைத்துவிட்டு, சாவி வைத்திருக்கும் உதவியாளரிடம்கூடச் சொல்லாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். எங்கே வைத்தோம் என்பது அந்தக் கவலையில் அவர் மனதில் பதியவே இல்லை.

அடுத்த கைவேலை வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இடது பக்கத்தில் மேலாக இருந்த கட்டை எடுத்தார்கள். கவிழ்த்துப் போட்டார்கள். அன்று கதை சொன்னவன் வகுப்பிலேயே கெட்டிக்கார வாய். அவனுக்குப் பெயரே ரேடியோ. கதையில் ஒரு திருடன், நின்றிருந்த பஸ் ஒன்றைத் திருடிக்கொண்டு கிளம்புகிறான். பாதி தூரம் போன பிறகுதான் உள்ளே ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பது தெரிகிறது. பயத்தில் நிறுத்தம் தவறாமல் நிறுத்துகிறான். ஆட்கள் இறங்குகிறார்கள், புதிதாக ஏறவும் செய்கிறார்கள். வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம், கதை முடியும் முன்பே மணி அடித்துவிட்டதாம். ஒருவர்கூடக் கையில் கிழிவது என்ன என்று குனிந்து பார்க்கவில்லை.

அடுத்த நாள் நான் அங்கே இருந்தேன். இரண்டு சட்டங்களில் வலை விட்டுப்போயிருந்தது, தைத்துக் கொடுக்கப் போயிருந்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெண் எதையும் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்க்கிறவள். அவளைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். சட்டத்தை முக்கி எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தவள் அப்படியே நின்றாள்.

"டீச்சர், இதுல மிளகாய்ப்பொடி இல்ல."

"அடியில தங்கியிருக்கும். நல்லா கலக்கு" என்றாள் என் தங்கை.

"ரெண்டு தடவ கலக்கிட்டேன் டீச்சர். மொத்தமும் நீலம்தான்." சட்டத்தை இன்னும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இது திருத்தாத பேப்பரா?"

என் தங்கை தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி கூழை எடுத்து, பிழிந்து, உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு கொடியில் தொங்கிய தாள்களைப் போய்ப் பார்த்தாள். எல்லாம் நீலம். மூலையில் இருந்த சாக்கைத் தரையில் கொட்டி, நூலோடு கிடந்த மேல்முனைகளைப் பொறுக்கினாள். முந்தைய நாள் வெட்டியவை எல்லாவற்றிலும் இந்த ஆண்டின் முத்திரை இருந்தது.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, நான் சொல்கிறவரை யாரிடமும் சொல்லாதே என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"சரி டீச்சர். நீங்க எப்ப சொல்லுவீங்க?" என்றாள் அந்தப் பெண்.

தலைமையாசிரியை அன்று கூட்டத்துக்குப் போயிருந்தார், மறுநாள்தான் வருவார். வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அம்மா வேலை போய்விடுமோ என்றுதான் பயந்தாள். எழுதி அனுப்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "கூழுக்கு என்ன வாயா இருக்கு, போய்ச் சொல்ல? நீ பேசாம இரு" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கட்டை அங்கே வைத்தது வேறொருவர். எடுத்தது அனுமதித்த பக்கத்திலிருந்து.

மறுநாள் விடிந்தபோது தலைமையாசிரியைக்குக் கூட்டம் இன்னும் ஒருநாள் நீண்டுவிட்டதாகத் தெரிந்தது. கணக்கு சார் மட்டும் திரும்பியிருந்தார். பகல் முழுக்க அவர் கட்டைத் தேடியிருக்கிறார். மேசையைக் கவிழ்த்தார், அலமாரியை நகர்த்தினார். சாவிக்காரரைக் கேட்டபோது அவர் ரோஷப்பட்டு, நான் என்ன பேப்பரா திங்கிறேன் என்று கேட்டிருக்கிறார். யாரோ விளையாட்டாக, பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்க, அதை அவர் நிஜமாகவே நம்பத் தொடங்கிவிட்டார்.

சாயங்காலம் அவர் என் கடை வாசலில் வந்து நின்றார். தங்கை உள்ளே, திரைக்குப் பின்னால், பள்ளியிலிருந்து நேராக வந்து ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். அவள் இருப்பது அவருக்குத் தெரியாது.

"அக்கா, பஸ்ல கெடந்துச்சுன்னு யாராவது ஒரு பேப்பர்க் கட்டு குடுத்தாங்களா? டிரைவர், கண்டக்டர் யாராவது?"

நான் பதில் சொல்லும் முன்பே திரை விலகியது. கையில் ஊசியோடு தங்கை வெளியே வந்தாள்.

"பஸ்ல இல்ல சார். நான்தான் கரைச்சிட்டேன்."

"எத?"

"உங்க பத்தாம் வகுப்புப் பேப்பர. ஸ்டோர் ரூம்ல இடது பக்கம் மேல இருந்துச்சு. பழசுன்னு நெனச்சு எடுத்துக் கிழிச்சுட்டோம்."

அவர் துணி கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். "எல்லாமேவா?" என்று கேட்டார்.

"எல்லாமே சார்."

"ஒண்ணு ரெண்டுகூட மிச்சம் இல்லையா?"

"இருக்கு. கொடியில காஞ்சிட்டிருக்கு."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அப்ப நான் பஸ்ல விடல. அப்படித்தான டீச்சர்? ஸ்டோர் ரூம்ல வச்சிருக்கேன்."

"ஆமா சார். நனையாத எடமா பாத்துதான் வச்சிருக்கீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அவருடைய அப்பாவுக்கு வந்திருப்பது ஞாபகமறதி நோய். முதலில் குடையை எங்கே வைத்தோம் என்று தேடினாராம், பிறகு வீட்டுச் சாவியை, இப்போது மகனையே. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. காலையிலேருந்து எனக்கு அந்த நெனப்புதான்" என்றார். பிறகு எழுந்து, தலைமையாசிரியையிடம் தானும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தலைமையாசிரியை திரும்பி வந்ததும் இருவரும் போய்ச் சொன்னார்கள். அவர் குரலை உயர்த்தாதவர், அதுதான் அவரிடம் எல்லோருக்கும் பயம். இடது பக்கம்தானே எடுத்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றாள் தங்கை. அப்படியானால் தப்பு யாருடையது என்று கேட்டார். கணக்கு சார் வாயைத் திறக்க, தங்கை முந்திக்கொண்டாள்.

"வச்சது சார்தான். ஆனா எதையும் பாக்காம கிழிங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தது நான்."

பத்தாம் வகுப்புக்கு மறுபரீட்சை என்று முடிவாயிற்று. ஸ்டோர் ரூம் சாவி இனிக் கைவேலை வகுப்புக்குக் கிடையாது. பழைய தாள் இல்லையென்றால் கூழ் இல்லை, எனவே வகுப்பும் நின்றது. அந்த நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு சும்மா உட்கார்ந்து படிக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கு எழுதி அனுப்புவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். நடந்ததை எழுதிக் கொடுக்கவும் சொன்னார். தங்கையின் பையில் அப்போது இருந்தது அவர்கள் செய்த நீலத் தாள் ஒன்றுதான். அதிலேயே எழுதி நீட்டினாள். மை ஊறிப் பரவியது. தலைமையாசிரியை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எழுதுற தாள்ல எழுதிக் குடுங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பத்தாம் வகுப்பிடம் செய்தியைச் சொல்ல வேண்டியது கணக்கு சார். தங்கை தானே போனாள். கரும்பலகைக்கு முன்னால் நின்று, உங்கள் விடைத்தாளை நாங்கள் கிழித்துக் கூழாக்கிவிட்டோம், மறுபடி எழுத வேண்டும், மன்னிக்க வேண்டும் என்றாள். நன்றாக எழுதியிருந்த இரண்டு பெண்கள் கண்ணைக் கசக்கினார்கள். பின்பெஞ்சிலிருந்து ஒரு நெட்டைப் பையன் எழுந்தான். "டீச்சர், நான் எழுதி வச்சதே கூழுதான். நீங்க கூடக் கொஞ்சம் தண்ணி ஊத்துனீங்க, அவ்ளோதான்" என்றான். அழுதவர்களும் சிரித்துவிட்டார்கள். மறுபரீட்சையில் சிலருக்கு நிச்சயம் குறைந்திருக்கும், சிலருக்குக் கூடியிருக்கும். முன்பு என்ன எடுத்திருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாததால் சண்டை வரவில்லை.

வகுப்பு நின்றபின் தங்கை பக்கெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். நகக்கண் சுத்தமாக இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பரிமாறினாள்.

சில நாட்கள் கழித்துப் பூதக்கண்ணாடியும் ரேடியோவும் இன்னும் இரண்டு பேரும் என் கடைக்கு வந்தார்கள். சட்டைப் பெட்டி அட்டை வேண்டும் என்றார்கள், கொடுத்தேன். அடுத்த நாள் வந்து இன்னும் அட்டை கேட்டார்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு டீச்சரிடம் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். விடைத்தாளின் முன்பக்கத்தை முழுக்க மூடும் அட்டை. அதில் ஒரே ஒரு ஜன்னல். தாள்மேல் வைத்தால் முத்திரையும் ஆண்டும் மட்டும் தெரியும், பெயரும் மதிப்பெண்ணும் மறைந்துவிடும். ஆண்டைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்துக் கிழிக்கலாம். யோசனை பூதக்கண்ணாடியுடையது. அதில் குறை கண்டுபிடித்ததும் அவளே. அட்டை ஒரு விரல் அளவு நகர்ந்தால் பெயரின் முதல் எழுத்து எட்டிப் பார்த்தது. ஜன்னலைச் சின்னதாக்கிப் பார்த்தார்கள், ஆண்டு பாதி மறைந்தது. கடைசியில் தாள் போய் முட்டி நிற்க ஓரத்தில் ஒரு தடுப்பு வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். சட்டைக் காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியைக் கேட்டு வாங்கி, அவர்கள் காட்டிய இடத்தில் என்னைத் தைக்கச் சொன்னார்கள். கோணலாக இருக்கிறது என்று ஒருமுறை பிரிக்கவும் வைத்தார்கள். கோணலாகத்தான் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவர்களே தலைமையாசிரியையிடம் போனார்கள். பிறகு ரேடியோ கடைக்கு வந்து நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினான். தலைமையாசிரியை ஒரு பழைய விடைத்தாளை வரவழைத்து அட்டையை வைத்துப் பார்த்தாராம். சாய்த்துப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பெயர் தெரியவில்லை. இதை உங்கள் டீச்சர் செய்யச் சொன்னார்களா என்று கேட்டார்.

"டீச்சருக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றாளாம் பூதக்கண்ணாடி.

"அப்புறம் உங்களுக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை?"

"கதை பாதியில நிக்குதுங்க டீச்சர்."

தலைமையாசிரியை சிரிக்கவில்லை என்று ரேடியோ உறுதியாகச் சொன்னான். அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு அவர்களைப் போகச் சொன்னாராம்.

அந்த வாரக் கடைசியில் என் தங்கையைக் கூப்பிட்டு அட்டையைக் கொடுத்தார். இனிக் கட்டை எடுத்துத் தருவது சாவிக்காரர். ஒவ்வொரு கட்டையும் அவர் இந்த அட்டையை வைத்துப் பார்த்த பிறகே வகுப்புக்குத் தர வேண்டும் என்றார். மேலே எழுதி அனுப்பும் காகிதம் அங்கேயே மேசையில் கிடந்தது. கைவேலை வகுப்பு தேவை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம்தான், அட்டைத் தையல் உன்னுடையதா என்று கேட்டாள். ஒத்துக்கொண்டேன்.

நீலத் தாள்களில் அவள் புத்தகம் செய்யவில்லை. பத்தாம் வகுப்பில் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள், இதற்குள் எங்கேயோ உங்கள் கணக்கும் இருக்கிறது என்று சொல்லி. கணக்கு சாரும் ஒன்று வாங்கிக்கொண்டார். அவர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே அது இன்னும் இருக்கிறது.

வகுப்பு மறுபடி தொடங்கிய அன்று வலைகளைச் சரிபார்க்க நானும் போயிருந்தேன். சாவிக்காரர் கட்டோடு வந்தார். மேல்தாளில் அட்டையை வைத்து, தடுப்பில் முட்டுகிறதா என்று தட்டிப் பார்த்து, ஜன்னலுக்குள் குனிந்து, "பழசு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார். பிள்ளைகள் வாங்கிக் கவிழ்த்துப் போட்டார்கள். மேல்முனைகள் சாக்குக்குள் விழுந்தன. என் தங்கை பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்து, கதை எங்கே நின்றது என்று கேட்டாள்.

ரேடியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அவனைப் பேசவிடாமல் வகுப்பு மொத்தமும் சொன்னது:

"போலீஸ்காரர் பஸ்ல ஏறி டிக்கெட் கேட்டாரு டீச்சர்."